பிஸ்டன் துணைக்குழுவின் சாதனை

மனித குலம் இதுவரை எடுத்த முடிவுகள் எல்லாமே அவசரத்தில் எடுத்தவை. நெருப்பைக் கண்டுபிடித்தவன் யாரையும் கலந்து பேசவில்லை. சக்கரம் செய்தவன், அது வட்டமாகத்தான் இருக்க வேண்டுமா என்று ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம்கூட நடத்தவில்லை. நிதானம் என்றால் என்ன என்று உலகத்துக்குக் காட்டிய பெருமை எங்கள் ‘பழைய வாகனப் பாதுகாப்புப் பேரவை’யையே சேரும். ஒரு காருக்கு நான்கு பிஸ்டன்கள் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் காட்டிய பொறுமையை வேறு யாராவது காட்டியிருந்தால் சிலை வைத்திருப்பார்கள். எங்களுக்கு வைக்கவில்லை. நாங்களே வைத்துக்கொள்ளலாமா என்பது பரிசீலனையில் இருக்கிறது.

பேரவையின் தலைவர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர். செயலாளர் நான். இதில் உறவுக்காரச் சலுகை எதுவும் கிடையாது. அத்தானைத் தலைவராக முன்மொழிந்தது நான், என்னைச் செயலாளராக முன்மொழிந்தது அத்தான். இரண்டும் வெவ்வேறு கூட்டங்களில் நடந்தன.

கார், அக்காவுடையது. முதுகு உருண்ட, பாசிப்பச்சை நிறத்துப் பழைய கார். எங்கள் அப்பா ஓட்டி, அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனது. அப்பேர்ப்பட்ட வரலாற்றுச் சின்னத்தை அக்கா என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அக்கா கால்நடை மருத்துவர். பண்ணை பண்ணையாகப் போக வேண்டிய பிழைப்பு. பின்சீட்டில் எப்போதும் ஆட்டுமுடி. கண்காட்சிகளில் அத்தான் அந்தக் காரின் பக்கத்தில் நின்று பேசும்போது, உள்ளேயிருந்து வைக்கோல் காற்றில் பறந்து வந்து அவர் மீசையில் உட்காரும். அத்தான் எவ்வளவோ பொறுத்துக்கொண்டார்.

ஒருநாள் கார் புகைவிட ஆரம்பித்தது. சும்மா புகை இல்லை, நீலப் புகை. பின்னால் வந்த பஸ் டிரைவர் பனி இறங்குகிறது என்று நினைத்து விளக்கைப் போட்டாராம்.

தெருக்கோடியில் பட்டறை வைத்திருப்பவர் என்ஜினைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்ப் பிரித்தார். யார் எதைச் சொன்னாலும் “சரிங்க” என்பார். அதனால் அவருக்குப் பெயரே ‘சரிங்க’ என்றாகிவிட்டது. வாசலில் நின்று “சரிங்க இருக்காரா?” என்று கேட்டால், உள்ளேயிருந்து “சரிங்க” என்று பதில் வரும்.

“சிலிண்டர்னா ஒரு குழாய் மாதிரிங்க டாக்டரம்மா,” என்று அக்காவிடம் விளக்கினார். “அதுக்குள்ள பிஸ்டன் மேலயும் கீழயும் ஓடுது. ஓடி ஓடிக் குழாய் தேஞ்சு அகலமாயிடுச்சு. பிஸ்டன் தொளதொளன்னு ஆடுது. அந்தச் சந்துல ஆயில் ஏறி எரியுது. அதான் புகை.”

“என்ன பண்ணணும்?”

“குழாயைக் கொஞ்சம் கடைஞ்சு சமமாக்கணும். அதைப் போர் போடறதுன்னு சொல்வோம். போர் போட்டா குழாய் இன்னும் பெருசாகும். அதுக்கேத்த மாதிரி பெரிய பிஸ்டன் போடணும். பெரிய பிஸ்டன்ல மூணு அளவு வருது. முதல்ல பிஸ்டனை வாங்கிடுங்க. அதை அளந்து பாத்துட்டுத்தான் போர் போடணும். ஒரு தடவை கடைஞ்சா கடைஞ்சதுதான், திரும்பச் சின்னதாக்க முடியாது.”

“எவ்வளவு நாளாகும்?”

“பிஸ்டன் வந்துட்டா ஒரு வாரங்க.”

“அப்ப இருக்கிறதுலயே சின்ன அளவை வாங்கிப் போட்டுடுங்க.”

“சரிங்க.”

இப்படி இரண்டு பேர் பட்டறை வாசலில் நின்றபடியே ஒரு முடிவை எடுத்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். நல்லவேளை, அத்தான் இருந்தார்.

“நில்லு, நில்லு. இது தனி மனுஷன் எடுக்கிற முடிவு இல்ல,” என்றார்.

“வண்டி என்னோடதுங்க,” என்றாள் அக்கா.

“அதுவும் ஒரு கருத்து. குறிச்சுக்கோ மாப்ள,” என்றார் என்னிடம்.

குறித்துக்கொண்டேன்.

பேரவையின் அவசரக் கூட்டம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கழித்து அத்தான் வீட்டு ஹாலில் கூடியது. வந்திருந்த அறிஞர்கள் மூவர். ஒருவர் பல் டாக்டர். அவரிடம் சந்தன நிறத்தில் ஒரு திறந்த கார் இருக்கிறது. பருத்திப் போர்வை போர்த்தி, குழந்தையைப் போல வைத்திருக்கிறார். அடுத்தவர் வரலாற்றுப் பேராசிரியர். மூன்றாமவர், அலுவலகங்களுக்குப் போய் ஊழியர்களுக்கு ஊக்கம் கொடுக்கும் பயிற்சியாளர். எங்களுக்கு அவர் ‘ஊக்கம்’. அவரிடம் கார் கிடையாது. “வண்டி மனசுல இருக்கணும்” என்பது அவர் கொள்கை. போகும்போது யாராவது கொண்டுபோய் விடுவோம்.

“என்ஜினுக்குப் போர் போடணும்னு சொல்லியிருக்காங்க,” என்று அத்தான் தொடங்கினார்.

“போர்னா என்கிட்ட விட்டுடுங்க,” என்றார் பேராசிரியர். “வாழ்நாள் பூரா அதைத்தானே நடத்தினேன்.”

“அவர் வகுப்புல உக்காந்தவங்களைக் கேட்டா, அடிச்சதும் அதுதான்னு சொல்வாங்க,” என்றார் பல் டாக்டர், என் காதருகில்.

விவாதம் ஆழமாகப் போனது. பேராசிரியர், தேய்ந்த பழைய பிஸ்டன்களையே மாட்ட வேண்டும் என்றார். தேய்மானம்தான் வரலாறாம். “புகை வருமே சார்,” என்று நான் கேட்டதற்கு, “வரலாறுன்னா கொஞ்சம் கண்ணு எரியத்தான் செய்யும்,” என்றார். பல் டாக்டர், எந்தக் குழியாக இருந்தாலும் முதலில் படம் எடுக்க வேண்டும் என்றார். ஊக்கம் எழுந்து நின்று, கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, “முதல்ல ஒரு சின்ன வெற்றி வேணும். பிஸ்டன் வர்றப்ப வரட்டும். போரை இப்பவே போட்டுடுவோம். ஆரம்பிச்சிட்டோம்ங்கிற உணர்வு வரும்,” என்றார்.

எல்லோருக்கும் அந்த உணர்வு வந்தது. நான் பட்டறைக்குப் போய்ச் சொன்னேன்.

“பிஸ்டன் வர்றதுக்கு முன்னாலயாங்க?” என்றார் சரிங்க.

“பேரவைத் தீர்மானம்.”

“சரிங்க.”

முதல் அளவுக்குக் கடைந்துவிட்டார்.

இதற்கிடையில் அக்கா பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கையில் மருந்துப் பெட்டி, இன்னொரு கையில் ரப்பர் பூட்ஸ். பஸ் போகாத இடங்களுக்கு அவளால் போக முடியவில்லை. அதனால் நோயாளிகள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். என்ஜின் இல்லாமல் முன்வாசலில் நின்ற காரே காத்திருப்போர் அறை ஆகிவிட்டது. ஆட்டுக்காரர் முன்சீட்டில், ஆடு பின்சீட்டில். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆடு ஹாலுக்குள் வந்து, முந்தைய கூட்டத்தின் தீர்மானத்தை ஒரு மூலையிலிருந்து மெதுவாகச் சாப்பிட்டது. யாரும் தடுக்கவில்லை. அந்தத் தீர்மானத்தை அவ்வளவு ஈடுபாட்டோடு எடுத்துக்கொண்டவர் வேறு யாரும் இல்லை.

கடைக்காரர் ஒருவர், இறகு கொட்டிய தன் கிளியைக் கூண்டோடு அக்காவிடம் விட்டுப் போனார். கூண்டு ஹாலில், ஜன்னல் ஓரத்தில் தொங்கியது. கிளிக்கு ஒரு மாதத்தில் இறகு வளர்ந்ததோ இல்லையோ, அத்தானின் குரல் வந்துவிட்டது. அத்தான் அடிக்கடி சொல்லும் ஒரே சொல்லை அது பிடித்துக்கொண்டது.

“ஒத்திவைக்கலாம்,” என்றது கிளி.

பிஸ்டனுக்கு வருவோம். பேராசிரியர் எங்கோ ஒரு மூடிய கடையின் கிடங்கில், இந்தக் காருக்கென்றே அந்தக் காலத்தில் செய்த பிஸ்டன்களைக் கண்டுபிடித்துவிட்டார். பெட்டிகூடப் பிரிக்காதது. ஆனால் அது இரண்டாவது அளவு.

“நாம முதல் அளவுக்குப் போர் போட்டாச்சே,” என்றேன்.

“அப்ப இன்னொரு போர். வரலாற்றுல ஒரு போரோட எது முடிஞ்சிருக்கு?” என்றார்.

சரிங்க சரி என்றார். பெட்டியின் மேல் அச்சடித்திருந்த அளவைப் பார்த்து மறுபடி கடைந்தார். மாட்டுவதற்குப் பெட்டியைக் கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. பேராசிரியர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ஒட்டின தாள்கூடக் கிழியல, பாருங்க. இதைப் பிரிக்கிறதுக்கு என் கை வராது.”

“பிரிக்காம எப்படி மாட்டறது?” என்று சமையலறையிலிருந்து அக்கா கேட்டாள்.

“மாட்டினா அது வெறும் பிஸ்டன்ம்மா. மாட்டாத வரைக்கும்தான் பொக்கிஷம்.”

அந்த வாதத்தில் இருந்த அழகு எங்களைக் கட்டிப்போட்டது. அத்தான் ஷோகேஸிலிருந்த பீங்கான் தட்டுகளைக் கீழே இறக்கிவிட்டு, பெட்டியை நடுவில் வைத்து விளக்குப் போட்டார். அன்றைக்கு அக்கா எல்லோருக்கும் டீயைக் கிண்ணத்தில் கொடுத்தாள். தம்ளர் எங்கே என்று கேட்டதற்கு, “மாட்டாத வரைக்கும் பிஸ்டன் பொக்கிஷம்னா, கழுவாத வரைக்கும் தம்ளரும் பொக்கிஷம்தான்,” என்றாள். அதையும் ஒரு கருத்தாகக் குறித்துக்கொண்டேன்.

அடுத்து ஊக்கம் களத்தில் இறங்கினார். பந்தயக் கார்களுக்குப் போடும் லேசான பிஸ்டன்கள் வெளிநாட்டில் கிடைக்கின்றன என்றார். “வாழ்க்கையிலயும் சரி, என்ஜின்லயும் சரி, பாரத்தைக் குறைச்சாத்தான் மேல வர முடியும்,” என்றார். “பிஸ்டன் மேல வந்தா திரும்பக் கீழயும் போகணுமே,” என்றார் பல் டாக்டர். “அதைப் பத்தி நாம யோசிக்க வேண்டாம். அது எதிர்மறைச் சிந்தனை.”

அந்தப் பிஸ்டன்கள் மூன்றாவது அளவில் மட்டும்தான் கிடைத்தன. இந்த முறை வரும்வரை காத்திருந்து, வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தோம். சரிங்க ஒவ்வொன்றையும் அளந்து, ஒவ்வொரு சிலிண்டரையும் அதற்கேற்றபடி கடைந்தார். கடைந்து முடித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பேரவையிடம் முதல்முறையாக ஒரு நீண்ட வாக்கியம் பேசினார்.

“இதுக்கு மேல கடையறதுக்குச் சுவர் இல்லீங்க, அந்தப் பக்கம் தண்ணி ஓடற வழி வந்துடும்.”

இனி மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போது பல் டாக்டர் கையை உயர்த்தினார். நான்கு பிஸ்டனும் ஒரே எடையாக இருந்தால்தான் என்ஜின் ஆடாமல் ஓடும் என்றார். அது உண்மைதான் என்று சரிங்கவும் ஒத்துக்கொண்டார். அவர் எதற்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை? தராசில் வைத்துப் பார்த்ததில் ஒன்று மட்டும் ஒரு பொடி கூடுதல் எடை. உட்புறத்தில் கொஞ்சம் சுரண்டினால் சரியாகிவிடும்.

“என்கிட்ட இல்லாத மெஷினா,” என்று பல் டாக்டர் அதைத் தன் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். நானும் சாட்சிக்குப் போனேன். பிஸ்டனை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து, முகக்கவசம் போட்டு, “கொஞ்சம் கூசும்,” என்று அதனிடமே சொல்லிவிட்டு ஆரம்பித்தார். இருபத்தைந்து வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? சுரண்டச் சுரண்ட இன்னும் ஆழமாகப் போனார். சட்டென்று மெஷின் சத்தம் மாறியது. பிஸ்டனின் தலையில் ஒரு துவாரம். அதன் வழியாக அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

“வேர் வரைக்கும் போயிட்டேன் போலிருக்கு,” என்றார். பிறகு, “அடைச்சுத் தந்துடறேன். ரெண்டு மணி நேரத்துக்கு எதையும் கடிக்காம பாத்துக்கணும்,” என்றார்.

இந்த நிகழ்வை விசாரிக்க, பேரவை ‘பிஸ்டன் துணைக்குழு’ அமைத்தது. துணைக்குழுவின் முதல் அமர்வுக்குப் பல் டாக்டர் தன் சந்தன நிறக் காரிலேயே வந்து இறங்கினார். குற்றம் சாட்டப்பட்டவர் கம்பீரமாக வர வேண்டும் என்பது அவர் எண்ணம். துவாரம் விழுந்தது திட்டமிட்டா, தற்செயலா என்ற கட்டத்தில் நாங்கள் இருந்தபோது, உள்ளே போன் அடித்தது. அக்கா எடுத்தாள். மறுமுனையில் இருந்தவர் தூரத்துப் பால்பண்ணைக்காரர். அவருடைய மாடு காலையிலிருந்து கன்று போட முடியாமல் கிடக்கிறது. கன்று உள்ளே திரும்பிக் கிடக்கிறது போல. அங்கே பஸ் போகாது.

அக்கா பூட்ஸோடு ஹாலுக்கு வந்தாள்.

“டாக்டர், உங்க வண்டிச் சாவியைக் குடுங்க.”

“எதுக்குங்க?”

“ஒரு மாடு செத்துக்கிட்டிருக்கு.”

“இது நிகழ்ச்சி நிரல்ல இல்லையேம்மா,” என்றார் அத்தான், வருத்தமாக.

“இன்னிக்கு இங்க வந்ததைத் தவிர அந்த வண்டி வெளிய எல்லாம் போறதில்லைங்க,” என்றார் பல் டாக்டர். “ஷெட்ல இருந்து கண்காட்சி, கண்காட்சில இருந்து ஷெட். அவ்வளவுதான்.”

“நடுவுல ஒரு மாடு இருக்குன்னு வச்சுக்கங்க.”

“உள்ள செருப்போட ஏறக் கூடாதுங்க.”

அக்கா பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இன்னொரு கையை நீட்டினாள். அந்தக் கையில், ஈன முடியாத மாடுகளுக்குள் தோள் வரை போய்வந்த ஒரு நிச்சயம் இருந்தது. பல் டாக்டர் சாவியைக் கொடுத்துவிட்டார். கார் வாசலைத் தாண்டி முதல் தடவையாக வேகமெடுத்துப் போகும் சத்தத்தை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அக்கா பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பி வந்தாள். முழங்கைக்கு மேல்வரை காய்ந்த ரத்தம். பின்சீட்டில், பல் டாக்டரின் பருத்திப் போர்வைக்குள் ஒரு கன்று.

“அம்மா நல்லா இருக்கு. இது கொஞ்சம் சோர்ந்து போயிருக்கு, ரெண்டு நாள் நம்ம வீட்ல இருக்கட்டும்,” என்றாள்.

பல் டாக்டர் சீட்டைப் பார்த்தார். பிறந்த குழந்தைகள் எல்லாம் செய்வதைக் கன்றும் செய்திருந்தது.

கன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “அங்க போறதுக்குக் கொஞ்சம் பிந்தியிருந்தா ரெண்டும் போயிருக்கும் தம்பி. போன வாரம் மலையடிவாரத்துல ஒரு மாடு அப்படித்தான் போச்சு. நான் போய்ச் சேரல.”

அதையும் கருத்தாகக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். அக்கா பார்த்த பார்வையில் பேனா தானாகவே சட்டைப் பைக்குள் போய்விட்டது.

மறுநாளும் பல் டாக்டரின் கார் அக்காவிடமே இருந்தது. அதற்கு மறுநாளும். கன்று தேறிப் பண்ணைக்குத் திரும்பிப் போனது, அதே காரில். “வண்டி நல்லா ஓடுது டாக்டர். சும்மா நிறுத்தியே வச்சிருந்ததுல கொஞ்சம் மூச்சு முட்டியிருந்தது, இப்ப சரியாயிடுச்சு,” என்று அக்கா அவருக்குப் போனில் சொன்னாள். சந்தன நிறம் போய்ச் சேற்று நிறம் வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

பல் டாக்டர் அடுத்த கூட்டத்துக்கு நடந்தே வந்தார். உட்காரும் முன்பே பேசினார். “எந்தப் பிஸ்டனா இருந்தாலும் பரவாயில்ல. இன்னிக்கே வாங்கி, நாளைக்கே மாட்டணும். இதுதான் என் தீர்மானம்.”

ஹாலில் ஓர் அதிர்ச்சி. இப்படி ஓர் ஆபாசமான தீர்மானத்தை நாங்கள் கேட்டதே இல்லை.

“தீர்மானம் வாக்கெடுப்புக்கு விடப்படுது,” என்றார் அத்தான்.

“ஒத்திவைக்கலாம்,” என்றது ஜன்னல் ஓரத்துக் குரல்.

“தலைவரே சொல்லிட்டார்,” என்றார் பேராசிரியர்.

“நான் எங்க சொன்னேன்?” என்றார் அத்தான்.

“உங்க குரல்தானே.”

அத்தான் ஒரு கணம் யோசித்தார். பிறகு, “குரல் என்னோடதுதான். கருத்தும் என்னோடதுதான். அப்ப சரி,” என்று கூட்டத்தை ஒத்திவைத்தார்.

பல் டாக்டர் நேராகச் சமையலறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“அம்மா, நீங்களே ஒரு செட் வாங்கிடுங்க. மூணாவது அளவு. ரகசியமா.”

“போன வாரமே சொல்லிட்டேன்,” என்றாள் அக்கா, அடுப்பைப் பார்த்தபடியே. “சாதாரண பிஸ்டன். கடையில எப்பவும் இருக்கிறதுதான். நாளைக்குப் பார்சல் வந்துடும்.”

எப்பவும் இருக்கிறது. அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டதும் எனக்குத் தலைசுற்றியது.

பார்சல் வந்த செய்தி அத்தானுக்கு எட்டாமல் இருக்குமா? அவர் கோபப்படவில்லை. பிஸ்டன் பொருத்தும் விழாவுக்கு நாள் குறித்தார். பட்டறை வாசலில் ரிப்பன் கட்டினோம். சரிங்க, புதுப் பிஸ்டன்களைத் துணி விரித்த மேசையில் வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன அம்புக்குறி.

“இது என்ன அம்பு?” என்று அத்தான் கேட்டார்.

“என்ஜினோட முன்பக்கம் பாத்து இருக்கணுங்க. திருப்பி மாட்டினா கெட்டுடும்.”

“முன்பக்கம்னா?” என்றார் பேராசிரியர்.

அன்றைய தினத்தின் ஆகச்சிறந்த கேள்வி அதுதான். “முன்னால் போறோம்னா அது எதிர்காலம். முன்னால் நடந்ததுன்னா அது இறந்தகாலம். ஒரே சொல். இந்த அம்பு எந்த முன்னைக் காட்டுது?”

“எதிர்காலத்தை,” என்றார் ஊக்கம்.

“இது பழைய கார். இறந்தகாலத்தைத்தான் காட்டணும்.”

“சமாதானமா ரெண்டை அப்படியும் ரெண்டை இப்படியும் மாட்டிடலாம்,” என்றார் அத்தான்.

“சரிங்க,” என்றார் சரிங்க. அவர் முகம் வெளுத்திருந்தது.

முடிவுக்கு முன் களஆய்வு அவசியம் என்று, எல்லோரும் காரின் முன்பக்கம் எது என்று நேரில் பார்க்க வீட்டுக்குக் கிளம்பினார்கள். பல் டாக்டரையும் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். குறிப்பெடுக்க நான் மட்டும் பட்டறையிலேயே இருந்தேன். ரிப்பனைக் குனிந்து தாண்டி அக்கா உள்ளே வந்தாள்.

“அம்பு எந்தப் பக்கம் இருக்கணும்?” என்று சரிங்கவிடம் கேட்டாள்.

“தலைவர் சொல்றபடி...”

“தலைவர் தெருவுல இருக்கார். எந்தப் பக்கம்?”

சரிங்க சுற்றுமுற்றும் பார்த்தார். “எல்லாமே முன்பக்கம்தாங்க. விசிறி இருக்கிற பக்கம்.”

“தெரியுதில்ல. அப்புறம் ஏன் எதுக்கெடுத்தாலும் சரிங்கறீங்க?”

“சரின்னு சொன்னா பேச்சை முடிச்சிக்கிட்டுப் போயிடுவாங்கன்னுதாங்க.”

“போனாங்களா?”

“இல்லீங்க.”

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். “தம்பி, அந்தப் பேனாவைக் கீழ வச்சிட்டு ஆயில் கேனைப் பிடி.”

பிடித்தேன். வேறு வழி தெரியவில்லை. சரிங்க ஒவ்வொரு பிஸ்டனையும் அதற்கான சிலிண்டரில் வைத்து இடைவெளியை அளந்து தலையாட்டினார். பிஸ்டனைச் சுற்றிப் போட்டிருந்த வளையங்களின் வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வராதபடி திருப்பிவிட்டார். நான் உள்சுவரில் ஆயில் விட்டேன். அக்கா ஒரு தகட்டுப் பட்டையால் வளையங்களை இறுக்கிப் பிடித்தாள். அம்பு விசிறிப் பக்கம் பார்த்தது. சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டினாள். இம்மி இம்மியாக இறங்கிய பிஸ்டன், பிறகு ஒரு பெருமூச்சோடு உள்ளே போய்விட்டது.

“கன்னுக்குட்டியை விட இது சாதுங்க,” என்றாள் அக்கா. “உதைக்க மாட்டேங்குது.”

சரிங்க சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இரண்டாவதை அவரே தட்டினார். நான்காவதை மாட்டும்போது பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

களஆய்வு நீண்டுகொண்டே போனது. ஊக்கம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் இருப்பதும் முன்னால்தான் தெரிகிறது என்று ஒரு புதிய சிக்கலைக் கண்டுபிடித்திருந்தார். அவர்கள் முடிவு கிடைக்காமல் திரும்பி வந்தபோது, சரிங்க என்ஜினை மூடிக் கடைசி நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார்.

பல் டாக்டர் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரமே என்ஜின் காரில் ஏறியது. அக்கா சாவியைத் திருப்பினாள். இருமவில்லை, முக்கவில்லை. நீலம் என்று சொல்ல ஒரு துளிப் புகை இல்லை. அத்தான் காரின் பின்னால் குனிந்து நின்று குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டி ஓடுது. உங்களுக்குச் சந்தோஷமா இல்லையா?” என்று அக்கா கேட்டாள்.

“சந்தோஷம்தான்,” என்றார் அத்தான். “ஆனா வண்டி ஓட ஆரம்பிச்சிட்டா ஞாயித்துக்கிழமை நாங்க என்ன பண்றது?”

அக்கா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். “ஏறுங்க. மலையடிவாரத்துல நாலு ஆட்டுக்கு ஊசி போடணும். ஆட்டைப் பிடிக்க ஆள் வேணும்.”

அத்தான் தயங்கினார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். “இதைப் பத்திக் குழுவில ஒரு வார்த்தை...” என்று இழுத்தார். அவர் முடிப்பதற்குள் கார் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு பேரவை கூடியது. இப்படியே விட்டால் நாளை யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் முடித்துவிடுவார்கள் என்று பேராசிரியர் எச்சரித்தார். அக்காவுக்குக் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. பல் டாக்டர் மட்டும் எதிர்த்தார். அவருக்குக் கார் திரும்பி வந்துவிட்டது, அவர் பேச்சை எடுத்துக்கொள்ள முடியாது. தீர்மானத்தின் வாசகத்தை நான்தான் எழுதினேன். குற்றத்தின் பெயர் என்ன என்று வெகுநேரம் யோசித்து, ‘வேலையை முடித்தது’ என்று எழுதினேன்.

எழுதிவிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பேரவை தொடங்கிய நாளிலிருந்து ஒரு வேலை முடிந்திருப்பது இதுவே முதல் தடவை. அதையும் நாங்கள் செய்யவில்லை. இனி இப்படி எந்த வேலையும் முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள நிரந்தரத் துணைக்குழு ஒன்றை அமைத்திருக்கிறோம். செயலாளர் நானே.